முறுக்குக் கடைக்குப் பாலூ தம்பி பொருந்துமா?

பினாங்கு ஜார்ஜ்டவுனிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். லிட்டில் இந்தியா பக்கம் ஒரு பழைய கடைவீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்து முறுக்கு, அதிரசம், ஓமப்பொடி எல்லாம் விற்கப் போகிறாராம். பெயர்ப்பலகை, போத்தல் ஸ்டிக்கர், காகிதப் பை, விலைப்பட்டியல் என்று எல்லாவற்றுக்கும் 'பாலூ தம்பி' என்ற குண்டு எழுத்துருவையே வைத்துவிடலாமா என்பது கேள்வி. அவருக்கு அந்த எழுத்து ரொம்பப் பிடித்திருக்கிறது. அப்பாதான் "சின்னப் பிள்ளைங்க புத்தகம் மாதிரி இருக்கு" என்று தயங்குகிறாராம்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பலகைக்கும் ஸ்டிக்கருக்கும் தாராளமாக வையுங்கள். விலைப்பட்டியலில் தலைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். பைக்கு வைப்பதா வேண்டாமா என்பது எந்தக் காகிதத்தில், எப்படி அச்சடிக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. காரணங்களைச் சொல்லக் கொஞ்சம் நேரம் ஆகும். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருபது வருடத்துக்கு மேலாக நான் பலகை, அட்டை, பந்திங் (நின்ற வாக்கில் தொங்கும் பதாகை) வேலைதான் செய்கிறேன். தடித்த தமிழ் எழுத்து எங்கே நிற்கும், எங்கே விழும் என்பதை அதிகமும் விழுந்து பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

பாலூ தம்பியைச் செய்தவர்கள் மும்பையில் இருக்கும் 'எக் டைப்' குழுவினர். இந்தியில் பாலூ என்றால் கரடி. ஒரே குண்டு உடம்பை ஒன்பது இந்திய எழுத்துமுறைகளுக்கும் ரோமன் எழுத்துக்கும் கொண்டுபோனார்கள். பெரும்பாலான மொழிகளுக்கு அந்தந்த மொழியில் அண்ணன் தம்பியைக் கூப்பிடும் சொல்லையே பெயராக வைத்தார்கள். குஜராத்திக்குப் பாய், மலையாளத்துக்குச் சேட்டன், தெலுங்குக்குத் தம்முடு, பஞ்சாபிக்குப் பாஜி, நமக்குத் தம்பி. எனக்கு இந்தப் பெயர்வரிசை மிகவும் பிடிக்கும். முதலில் ஒரே தடிமனில்தான் வந்தது. இப்போது கிடைப்பது 'பாலூ தம்பி 2'. அதில் ரெகுலர், மீடியம், செமிபோல்ட், போல்ட், எக்ஸ்ட்ராபோல்ட் என்று ஐந்து தடிமன்கள் உண்டு. அந்த ஐந்தும் உங்களுக்கு வேண்டியிருக்கும், பின்னால் சொல்கிறேன்.

கூகுள் எழுத்துரு தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். திறந்த உரிமத்தில் இருப்பதால் வியாபாரத்துக்கும் தடையில்லை. பலகை, பை, சட்டை என்று எதில் வேண்டுமானாலும் போடலாம், யாருக்கும் காசு கட்ட வேண்டாம். எழுத்துருவைத் தனியாக எடுத்து விற்கக்கூடாது, அவ்வளவுதான். 'இலவசம்' என்று கண்ட தளங்களில் கிடைக்கும் எழுத்துருக்கள் அப்படியல்ல. பல எழுத்துருக்களுக்குச் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான் அனுமதி. கடைக்கு வைக்குமுன் உரிமத்தைப் படித்துவிடுங்கள்.

சரி, இப்போது முக்கியமான விஷயம். குண்டு எழுத்தைப் பார்க்கும்போது நம் கண் கறுப்பைத்தான் பார்க்கிறது என்று நினைப்போம். ஆனால் படிக்க உதவுவது உள்ளே அடைபட்டிருக்கும் வெள்ளை. 'ண' என்று எழுதிப் பாருங்கள். ஒரு சுழி, அதன் பக்கத்தில் வளைவுகள், கடைசியில் ஒரு கால். கோடு தடிக்கத் தடிக்க அந்த வளைவுகளுக்கு நடுவில் இருக்கும் வெள்ளை மெலிந்துகொண்டே போகும். 'ன'வுக்கும் 'ண'வுக்கும் உள்ள வித்தியாசம் ஒரே ஒரு வளைவு. வெள்ளை அடைந்துவிட்டால் இரண்டும் ஒன்றுதான். ரோமன் எழுத்தில் இவ்வளவு தொல்லை இல்லை. அங்கே பாதி எழுத்துகள் நேர்க்கோடுகள், எவ்வளவு தடித்தாலும் தாங்கும். நம் எழுத்தில் ண, ஞ, ஊ, ஜ, ஷ எல்லாம் ஏற்கெனவே நெருக்கம். அதனால் நல்ல வடிவமைப்பாளர் ஒரு தடித்த தமிழ் எழுத்துருவைச் செய்யும்போது 'ப'வுக்கு ஒரு தடிமனும் 'ண'வின் உள்கோடுகளுக்குச் சற்று மெலிந்த தடிமனும் வைப்பார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரியும், அளந்தால்தான் வித்தியாசம் பிடிபடும்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது கணினி இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிரிக்பீல்ட்ஸில் தகரப் பலகைக்குக் கையால் எழுதும் ஒரு பெரியவர் இருந்தார். பலகையில் சுண்ணாம்பு தடவிய நூலை இழுத்துக் கட்டி, நடுவில் பிடித்துத் தட்டுவார். இரண்டு கோடு விழும், அதற்குள் எழுத்து. பட்டைத் தூரிகையை ஒரே இழுப்பில் இழுப்பார். 'ணா' எழுதும்போது மட்டும் தூரிகையைக் கொஞ்சம் திருப்பி ஓரத்தால் இழுப்பார், உள்கோடு மெலிந்து விழும். எழுதி முடித்ததும் தூரிகையைக் கழுவமாட்டார். அதைக் கையில் வைத்துக்கொண்டே ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போவார், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்ப்பார். திரும்பி வந்து, அடைந்து தெரிந்த இடத்தில் பின்னணி நிறத்தையே தொட்டு ஒரு இழை வைத்து வெள்ளையைத் திறந்துவிடுவார். எழுத்தைக் கூட்டியது கறுப்பில், திருத்தியது வெள்ளையில். இன்றைக்கும் ஒரு பலகை வடிவம் சரியா என்று பார்க்க நான் செய்வது அதைத்தான்: திரையிலிருந்து பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பேன்.

உங்கள் சொல்லுக்கு வருவோம். 'முறுக்கு' தடித்த எழுத்துக்கு அருமையான சொல். அதில் உகரம் மூன்று தடவை வருகிறது: மு, று, கு. மூன்றுக்கும் மூன்று வடிவம், மூன்றும் வளைவு. 'று' கீழே இறங்கிச் சுருண்டு ஏறுகிறது, 'கு' தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. அச்சில் பிழிந்த முறுக்கு மாதிரியே இருக்கிறது அந்தச் சொல். நடுவில் 'க்'கின் புள்ளி ஒரு மிளகு மாதிரி உட்கார்ந்துவிடும். முனைகள் மழுங்கி, வெண்ணெய் பூசியது போல் இருக்கும் ஓர் எழுத்துருவில் இந்தச் சொல்லை வைத்தால் பொருளும் வடிவமும் ஒன்றையொன்று தாங்கும். இதே எழுத்துருவில் 'எண்ணெய்' என்று வைத்திருந்தால் இவ்வளவு தைரியமாகச் சொல்லியிருக்கமாட்டேன். ஆகவே எந்தக் குண்டு எழுத்துருவையும் அதன் மாதிரிப் பக்கத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். உங்கள் கடைப் பெயரின் எழுத்துகளைத் தட்டிப் பார்த்து எடுங்கள்.

பலகையில் 'முறுக்குக் கடை' என்றுதானே வரப்போகிறது? நடுவில் அந்த 'க்' இருக்கட்டும், விட்டுவிடாதீர்கள். இடம் பிடிக்கிறது என்று ஒற்றை எடுத்துவிடும் பலகைகளைத் தினமும் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் மனசு சங்கடப்படுகிறது. இரண்டடி உயர எழுத்தில் பிழையும் இரண்டடி உயரம்.

அப்பாவின் தயக்கத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. உருண்டையான தடித்த எழுத்து குழந்தைத்தனத்தைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கும். ஆனால் அது பசியையும் தொடும், அன்பையும் தொடும். எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தீர்மானிப்பது அதைச் சுற்றி நீங்கள் வைக்கும் மற்றவை. மேற்கில் இதற்கு நல்ல உதாரணம் கூப்பர் பிளாக். 1922இல் சிகாகோவில் வந்தது, ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்தது. தலையணை மாதிரி உப்பிய எழுத்து. அது நூறு வருடமாகப் பலகாரப் பெட்டியிலும் இருக்கிறது, ஈஸிஜெட் விமானத்தின் உடம்பிலும் இருக்கிறது. விமானத்தில் அதைப் பார்த்து யாரும் விளையாட்டுச் சாமான் என்று நினைப்பதில்லை. பெயர் மட்டும் அந்த எழுத்தில், ஒரே நிறத்தில், சுற்றிலும் வெற்றிடத்தோடு நிற்கிறது என்பதால்தான்.

உங்கள் பலகையிலும் அப்படிச் செய்யுங்கள். குண்டு எழுத்தில் ஒரே ஒரு பெயர். நிறம் இரண்டுக்கு மேல் வேண்டாம். நிழல், விளிம்பு, வானவில், சிரிக்கும் முறுக்குப் பொம்மை எதுவும் வேண்டாம். எழுத்து ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் இன்னொன்றும் சிரிக்கத் தேவையில்லை. அப்பாவிடம் மரூன் பின்னணியில் சந்தன நிற எழுத்தாக ஒன்று அச்சடித்துக் காட்டுங்கள். அவர் பார்த்துப் பழகிய கோயில் அழைப்பிதழ் நிறம் அது, அந்தக் குண்டு எழுத்தும் மரியாதையாகத் தெரியும்.

அடுத்தது மலேசியாவில் இருக்கும் நமக்கென்று ஒன்று. இதைத் தமிழ்நாட்டில் இருக்கும் வடிவமைப்பாளர்கள் யோசிக்க வேண்டியதில்லை, நாம் யோசித்தே ஆக வேண்டும். இங்கே கடைப் பலகைக்கு மாநகர் மன்றத்தின் உரிமம் வேண்டும், அதில் தேசிய மொழி முதன்மையாகத் தெரிய வேண்டும். அப்படியென்றால் மலாய் வரி பெரிதாக மேலே, தமிழ் வரி அதைவிடச் சிறிதாகக் கீழே அல்லது பக்கத்தில். இரண்டையும் எக்ஸ்ட்ராபோல்டில் வைத்துத் தமிழை மட்டும் சுருக்கினால் என்ன ஆகும்? மலாய் வரி பளிச்சென்று இருக்கும், தமிழ் வரியின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கு அது ஒரு கறுப்புப் பட்டை. தமிழ் வாசகரே படிக்க முடியாத தமிழைப் பலகையில் வைப்பதால் யாருக்கு என்ன பயன்?

இங்கேதான் அந்த ஐந்து தடிமன்கள் உதவும். மலாய் வரியை எக்ஸ்ட்ராபோல்டில் வையுங்கள், தமிழை ஒரு படி இறக்கிப் போல்டில், அளவு மிகவும் சின்னதென்றால் செமிபோல்டில் வையுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இரண்டு வரியும் ஒரே கறுப்பாகத் தெரிய வேண்டும், அதுவரை மாற்றிக்கொண்டே இருங்கள். சீன எழுத்தும் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், பாலூவில் சீனம் இல்லை. முனை மழுங்கிய ஒரு சீன எழுத்துருவைத் தேடி எடுத்து அதையும் மிதமான தடிமனில் வைக்க வேண்டும், அவர்கள் எழுத்திலும் கோடுகள் நெருக்கம். சீனம் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் அனுப்பாதீர்கள்.

எவ்வளவு பெரிதாக வைப்பது என்பதற்குப் பலகைத் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து. ஐம்பதடி தள்ளி வருகிறவர் படிக்க ஐந்து அங்குலம். ரோமன் எழுத்துக்குச் சொன்ன கணக்கு அது. தமிழுக்கு நான் இன்னும் கால் பங்கு சேர்ப்பேன். மேலே புள்ளியும் விசிறியும் ('கி', 'கீ'யில் வரும் மேல்வளைவு), கீழே உகரச் சுழியும் இருப்பதால் எழுத்தின் நடு உடம்புக்குக் கிடைக்கும் உயரம் குறைவு. கடைத்தெரு என்று நம் ஆட்கள் சொல்லும் லெபோ பசார் மாதிரித் தெருக்களில் தூரம் அதிகமில்லை. ஆனால் காக்கி லீமாவில், அதாவது கடைவரிசையின் முன்னால் இருக்கும் கூரை போட்ட நடைபாதையில், நடந்து வருகிறவர் உங்கள் பலகையை நேராகப் பார்ப்பதில்லை, சாய்வாகப் பார்க்கிறார். சாய்வாகப் பார்த்தால் எழுத்தின் அகலம் சுருங்கும், வெள்ளை இன்னும் மெலியும். அவருக்காக நடைபாதைக்குக் குறுக்கே தொங்கும் சின்னப் பலகை ஒன்று வையுங்கள். மன்றம் அனுமதித்தால் அதுதான் பெரிய பலகையைவிட அதிகம் வேலை செய்யும்.

ராத்திரி விளக்கு பற்றி. 'பாக்ஸ்-அப்' எழுத்து, அதாவது பெட்டி மாதிரிப் புடைத்து நிற்கும் எழுத்து செய்து உள்ளே எல்இடி வைக்கச் சொல்வார்கள். வெளிச்சம் எழுத்தின் விளிம்பைத் தாண்டி வழியும். பகலில் ஒழுங்காக இருந்த 'று'வின் சுழி ராத்திரி ஒரு வெளிச்ச உருண்டையாகிவிடும். உள்ளிருந்து ஒளிரும் எழுத்து என்றால் ஒரு தடிமன் குறைத்து எடுங்கள். இருண்ட பின்னணியில் வெளிர் எழுத்து வைக்கும்போதும் கொஞ்சம் அப்படித்தான், வெளிர் நிறம் எப்போதும் சற்றுப் பருத்துத் தெரியும். நான் சொன்ன மரூன் சந்தனத்துக்கும் இது பொருந்தும். பாக்ஸ்-அப்பில் புள்ளி தனித்துண்டு என்பதையும் மறக்காதீர்கள். அதற்கென்று தனியாக ஆணி வேண்டும், மின்சாரக் கம்பி வேண்டும். செலவு குறைக்கும்போது முதலில் காணாமல் போவது அதுதான். விலை கேட்கும்போதே 'புள்ளியும் ஓர் எழுத்து' என்று எண்ணிச் சொல்லுங்கள்.

ஒரு தடவை ஒரு கண்ணாடிக் கதவுக்கு வினைல் ஸ்டிக்கர் வெட்டக் கொடுத்திருந்தேன். இயந்திரம் சரியாகத்தான் வெட்டியது. வெட்டிய பிறகு வேண்டாத துணுக்குகளை ஊசியால் பிடுங்கி எடுப்பார்கள், அந்த வேலை செய்தவருக்குத் தமிழ் தெரியாது. 'பலகாரம்' என்ற சொல்லில் 'ம்'மின் புள்ளியைக் கழிவுத் துணுக்கு என்று நினைத்து எடுத்துவிட்டார். திறப்பு விழா அன்று காலையில் கதவில் 'பலகாரம'. அவர் மேல் குற்றம் இல்லை, நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அன்றிலிருந்து வெட்டக் கொடுக்கும் ஒவ்வொரு கோப்போடும் ஒரு தாளில் அதே சொல்லை அச்சடித்து, புள்ளி ஒவ்வொன்றையும் சிவப்பில் வட்டமிட்டுக் கொடுக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கோப்பு என்றதும் இன்னொன்று. சில வடிவமைப்பு மென்பொருள்களில் இந்திய எழுத்துக்கான அமைப்பைத் தனியாக இயக்கினால்தான் தமிழ் ஒழுங்காக வரும். இல்லாவிட்டால் 'கொ' சிதறி, கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் நிற்கும், இல்லை புள்ளி வட்டம் ஒன்று முளைக்கும். அதனால் கடைக்காரரிடம் எழுத்தாகக் கொடுக்காதீர்கள். உங்கள் கணினியில் சரியாக வந்ததும் எழுத்துகளை வரைகோடாக மாற்றி, எங்கள் பேச்சில் 'கர்வ் பண்ணி', பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். திருத்தத்துக்கு மாற்றாத பிரதி ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். தட்டச்சு யூனிகோடில் இருக்கட்டும். அதற்கு நாம் வெளியே தேட வேண்டியதே இல்லை. 1985இல் தொடங்கிய முரசு அஞ்சல் மென்பொருளும் கைப்பேசியில் தமிழ் தட்டச்சு செய்யும் செல்லினமும் கோலாலம்பூர்க்காரரான முத்து நெடுமாறனின் உழைப்பு. ஆப்பிள் கணினியோடு வரும் 'தமிழ் எம்என்' எழுத்துருவில் அந்த 'எம்என்' அவர் பெயர்தான். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளியைக் கூட்டும் பழக்கம் ரோமன் எழுத்திலிருந்து வந்தது. தமிழில், அதுவும் குண்டு எழுத்தில், அதைச் செய்யவே வேண்டாம். கால் வாங்கிய எழுத்தைப் பிரித்துவிட்டால் அந்தக் கால் தனியாக நின்று 'ர' மாதிரித் தெரியும். 'பலகாரம்' என்பதில் 'கா'வின் காலும் பக்கத்தில் இருக்கும் 'ர'வும் ஏற்கெனவே இரட்டைப் பிள்ளைகள். இடைவெளியைக் கூட்டினால் 'பலகரரம்' என்று படிக்கத் தோன்றும். இருக்கிற இடைவெளி போதும், கொஞ்சம் இறுக்கினால்கூடத் தப்பில்லை. பலகை நீளம் போதவில்லை, மிச்சமிருக்கிறது என்று எழுத்தை இழுப்பதும் நசுக்குவதும் வேண்டாம். நசுக்கினால் முதலில் சாவது உள்வெள்ளை. அப்படி ஒடுக்கமான இடம் என்றால் அதே எக் டைப்பின் 'அனேக் தமிழ்' எடுங்கள், அதில் ஒடுக்கத்திலிருந்து அகலம் வரை வடிவமைத்தே வைத்திருக்கிறார்கள். கணினியில் 'பி' பொத்தானை அழுத்திச் செயற்கையாகத் தடிக்க வைப்பதும் இதே பாவம்தான். அது வெளியே மட்டும் தடிக்காது, உள்ளேயும் தடித்துச் சுழியை மூடிவிடும்.

தீபாவளிக்குப் பந்திங் போடுவீர்கள். நின்ற வாக்கில் எழுத்தை அடுக்குவதானால் மு, று, க், கு என்று ஒலி பார்த்து அடுக்குங்கள். கொம்பையும் காலையும் தனி வரியில் விட்ட பந்திங்குகளை நான் பார்த்திருக்கிறேன். நீளமான சொல்லென்றால் அடுக்கவே வேண்டாம், சொல்லை முழுசாகத் திருப்பி நின்ற வாக்கில் வைத்துவிடுங்கள்.

இனி போத்தல். சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தலில்தானே தீபாவளி முறுக்கு போகும். இந்த எழுத்துரு தன் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும் இடம் அதுதான். ஐந்து சென்டிமீட்டர் வட்ட ஸ்டிக்கரில் 'முறுக்கு' என்ற ஒரு சொல், எழுத்தின் உயரம் எட்டு ஒன்பது மில்லிமீட்டர், எக்ஸ்ட்ராபோல்ட். அடியில் சிறிய எழுத்தில் கடைப் பெயர். வேறொன்றும் மேல் ஸ்டிக்கரில் வேண்டாம். பண்டிகைச் சந்தையில் ஒரு மேசையில் நாற்பது போத்தல் நிற்கும், எல்லாவற்றிலும் பூவும் விளக்கும் கோலமும் இருக்கும். ஒரு சொல் மட்டும் இருக்கும் மூடிதான் கண்ணில் படும். மிரர்கோட் தாள் ஸ்டிக்கர் மலிவு, ஆனால் எண்ணெய்க் கை பட்டால் ஊறிக் கறை பிடிக்கும். முறுக்குக்குப் பிளாஸ்டிக் தாளான சிந்தெடிக் ஸ்டிக்கர் எடுங்கள். சேர்மானம், தேதி, தொலைபேசி எண் எல்லாம் பின் ஸ்டிக்கரில், 'முக்தா மலர்' மாதிரி அமைதியான எழுத்துருவில். அதுவும் எக் டைப் செய்ததுதான், பாலூவோடு சண்டை போடாது.

பையில்தான் நான் பட்ட அனுபவம் இருக்கிறது. செக்கு எண்ணெய் விற்கும் ஒருவருக்குப் பழுப்புக் காகிதப் பை செய்தேன். 'நல்லெண்ணெய்' என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் ஐந்து மில்லிமீட்டர் உயரத்தில் வைத்திருந்தேன். திரையில் தெளிவாக இருந்தது. பழுப்புக் காகிதம் மையை உறிஞ்சிப் பரப்பும் என்பதை மறந்துவிட்டேன். இரண்டாயிரம் பை வந்து இறங்கியது. அவருடைய அம்மா ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "நல்லெ..." என்று படித்துவிட்டு நிறுத்தினார். அடுத்தடுத்து நின்ற இரண்டு ணகரமும் இரண்டு மை உருண்டைகளாக இருந்தன. என் செலவில் மறுபடி அச்சடித்தேன். அதற்குப் பிறகு நான் வைத்திருக்கும் கணக்கு: எக்ஸ்ட்ராபோல்டில் ண, ஞ வரும் சொல் எட்டு மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கக்கூடாது, பழுப்புக் காகிதமென்றால் பன்னிரண்டு. அதற்குமேல் சிறிதாக்க வேண்டுமானால் மீடியத்துக்குப் போய்விடுங்கள். உங்கள் சொல்லில் ண இல்லை, கொஞ்சம் தப்பித்தீர்கள். பையின் முகம் முழுக்க ஒரே சொல்லை ஒரே நிறத்தில் பெரிதாக வையுங்கள், நன்றாக இருக்கும்.

விலைப்பட்டியலில் 'காரம்', 'இனிப்பு' போன்ற பிரிவுத் தலைப்புகளுக்கு மட்டும் பாலூ தம்பி. முப்பது பலகாரத்தின் பெயரையும் அதிலேயே போட்டால் ஒவ்வொன்றும் கத்தும், வாடிக்கையாளருக்கு எதைக் கேட்பது என்று தெரியாது. தமிழில் ஆங்கிலம் மாதிரிப் பெரிய எழுத்து என்று ஒன்று கிடையாது, சாய்வெழுத்தும் நமக்கு இயல்பானதில்லை. ஒன்றை எடுத்துக் காட்ட நம்மிடம் இருப்பது தடிமனும் அளவும் நிறமும்தான். தடிமனை எல்லாவற்றுக்கும் செலவழித்துவிட்டால் கையில் எதுவும் மிஞ்சாது. தலைப்பு இரண்டு வரியானால் வரி இடைவெளியைக் கையால் சரிசெய்யுங்கள். தானாக விட்டால் நடுவில் தேவைக்கு மேல் வெற்றிடம் இருக்கும். இறுக்கும்போது மேல்வரியின் ழு, று கீழே இறங்கிக் கீழ்வரியின் விசிறியில் முட்டாமல் பாருங்கள்.

பாலூ தம்பி கூடாத இடங்களும் உண்டு. நினைவஞ்சலி அட்டை, மருந்தக அறிவிப்பு, நீண்ட பத்தி. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, பொங்கல் குடும்ப விழா, பழச்சாறு வண்டி, யூடியூப் முகப்புப் படம் இதற்கெல்லாம் கேட்கவே வேண்டாம். இன்னும் உருண்டையாக, இன்னும் விளையாட்டாக வேண்டுமென்றால் 'காயினி' என்று ஒன்று உண்டு, ரோமனும் தமிழும் சேர்ந்தே வரும். ஆனால் அதில் ஒரே தடிமன்தான், மலாய் வரியோடு சமன்செய்ய உங்களுக்கு வழியிருக்காது. இருமொழிப் பலகைக்கு நான் அதை எடுக்கமாட்டேன்.

உங்கள் கடைவீடு உலகப் பாரம்பரிய வட்டாரத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள். ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. உள்ளே வருகிறதென்றால் பலகையின் அளவு, அதை மாட்டும் இடம், விளக்கு எல்லாவற்றையும் வரைவதற்கு முன்பே மன்றத்தில் கேட்டுவிடுங்கள். முகப்பில் பழைய கடைப் பெயர் காரையில் புடைத்தோ சாயத்தில் மங்கியோ இருந்தால் அதன்மேல் உங்கள் பலகையை அடிக்காதீர்கள். சில பழைய முகப்புகளில் ணை, லை, னை எல்லாம் யானைத் துதிக்கை மாதிரி முன்பக்கம் வளைந்த கொம்போடு இருக்கும். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய வடிவம் அது. அப்படி ஒன்று கிடைத்தால் அதைத் துடைத்து, வெளிச்சம் போட்டு, உங்கள் பலகையை அதற்குக் கீழே வையுங்கள். உங்கள் குண்டு எழுத்துக்குப் பக்கத்தில் அந்தப் பழைய கொம்பு நின்றால் இரண்டும் அழகு.

இப்போதைக்கு ஒரு வேலை செய்யுங்கள், தங்கச்சி. பலகையில் வரப்போகும் மலாய் வரி, தமிழ் வரி இரண்டையும் உண்மையான அளவில் ஏ3 தாள்களில் அச்சடித்து ஒட்டி, கடை முகப்பில் டேப் போட்டு நிறுத்துங்கள். தமிழ் வரியில் எக்ஸ்ட்ராபோல்ட் ஒன்று, போல்ட் ஒன்று, செமிபோல்ட் ஒன்று என மூன்று பிரதி. எதிர்க்கடை வாசலில் நின்று காலை பத்து மணிக்கு ஒரு படம், காக்கி லீமாவிலிருந்து சாய்வாக ஒரு படம், ராத்திரி எட்டு மணிக்குத் தெருவிளக்கில் ஒரு படம் எடுங்கள். அப்பாவையும் கூட நிறுத்தி, எது முதலில் படிக்க முடிகிறது என்று கேளுங்கள். படங்களை அனுப்பினால் எந்தத் தடிமன் என்று பார்த்துச் சொல்கிறேன்.